சந்தனம் படாத மூன்று பரல்கள்

கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் பிறந்து வளர்ந்தவள் இராமலெட்சுமி. அப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவளுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தாய் பாக்கியலெட்சுமி விடியற்காலை பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், வீடு வீடாக மாவும் மிளகாய்த்தூளும் இடித்துக் கொடுத்துத்தான் மகளை ஆளாக்கினாள். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்து மாடி வீடுகளில் குடியிருந்த சனத்துக்கு மெஷின் மா பிடிக்காது. "மெஷின் மாவில அவிச்ச புட்டை எறிஞ்சால் மண்டை உடையும்" என்பார்கள். ஆகவே வேலைக்குக் குறைவில்லை, ஆண்டவன் புண்ணியத்தில்.

ஓர் உரலில் இரண்டு பேர் இடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தியின் உலக்கை எழும்பும்போது மற்றவளின் உலக்கை விழவேண்டும். கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால் உலக்கையோடு உலக்கை மோதும், விரல் நசுங்கும். இராமலெட்சுமி பதினொரு வயதில் இரண்டாவது உலக்கையைப் பிடித்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் தாயோடு போனாள். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது உலக்கைகள் முட்டிக்கொண்டதில்லை.

அவர்கள் இடிக்கப் போகும் வீடுகளில் ஒன்று வரதராசாவின் வீடு. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில் அது இருந்தது. முன்னால் கார் திருத்தும் கராஜ், பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன முற்றம். உரல் கிடந்தது அந்த முற்றத்தில். பக்கத்திலேயே கழிவெண்ணெய் ஊற்றும் இரும்புப் பீப்பாய்கள், பரல்கள் என்பார்கள், வரிசையாக நிற்கும்.

வரதராசாவுக்கு அருந்ததி என்று ஒரே மகள், வயது பதினேழு. பைலாப் பாட்டுக் கோஷ்டி ஒன்று தங்கள் வான் வண்டியைத் திருத்தக் கொண்டுவந்துவிட்டு, இத்தாலிக்குப் போகிற அவசரத்தில் வானையும் அதற்குள் கிடந்த சாமான்களையும் விட்டுவிட்டே போய்விட்டது. எலக்ட்ரிக் கிற்றார் ஒன்று, ட்றம்ஸ் செட் ஒன்று, கிழிந்த ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. தொண்ணூற்றாறாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு அருந்ததி அந்தக் கிற்றாரைத் தூக்கினாள். அவளோடு படிக்கும் டோரின், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை, தமையனுடைய பேஸ் கிற்றாரைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்த அடியில் பக்கத்து வீட்டுக் கிளி ஒரு கிழமை சாப்பிடவில்லை என்று கதை.

சத்தம் வந்ததே ஒழியப் பாட்டு வரவில்லை. ஒருத்தி முன்னே ஓடுவாள், மற்றவள் பின்னே இழுபடுவாள்.

ஒரு சனிக்கிழமை எப்படியோ பாட்டு சரியாக வந்தது. இரண்டு கிற்றாரும் ஒட்டிக்கொண்டு, வண்டி மாடு மாதிரி ஒன்றாய்ப் போயின. பாதியில் திடீரென்று எல்லாம் குலைந்தது.

"நீதான் பிழை விட்டது!" என்றாள் அருந்ததி.

"நானா? நீ மென்! நான் கரெக்டாத்தான் போனேன்" என்றாள் டோரின்.

பிறகு இருவரும் வாயை மூடினார்கள். எதுவோ குறைகிறது. என்ன என்று பார்க்க முற்றத்துப் பக்கக் கதவைத் திறந்தார்கள். அங்கே பாக்கியலெட்சுமி மாவை அரிதட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உலக்கையைச் சாய்த்துவிட்டு இராமலெட்சுமி நெற்றியைத் துடைத்தாள். இடி நின்றதும் பாட்டும் நின்றுபோயிருந்தது. இவ்வளவு நேரமும் தாங்கள் உரலுக்குத்தான் வாசித்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

டோரின் இராமலெட்சுமியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், உன்ட பேர் என்ன? லெச்சுமியா? வா லெச்சு, உனக்கு ஒரு சாமான் காட்டுறேன்."

ட்றம்ஸ் செட்டின் முன்னால் குந்தவைத்து இரண்டு தடியைக் கொடுத்தார்கள். அவள் முதலில் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தாள். பிறகு வலது கையால் தான் இடிப்பதை அடித்தாள், இடது கையால் தாய் இடிப்பதை அடித்தாள். காலுக்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்க மட்டும் இரண்டு கிழமை எடுத்தது.

அருந்ததியின் தாய் அன்னபாக்கியம் நல்ல மனுசி. விரதம் தப்பாதவர். ஆனால் வாய் கொஞ்சம் காரம். "மா இடிக்க வந்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தகரம் தட்ட வைக்கிறாளவை. உலகம் எங்கை போகுது?" என்றார். பாக்கியலெட்சுமிக்கும் மனம் ஒப்பவில்லை. "வயசுக்கு வந்த புள்ள மேளம் அடிக்கிறத எங்கயாச்சும் கண்டிருக்கியா? நாள பின்ன ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா?" என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் ஏசினாள்.

"மேளம் இல்லம்மா. ட்றம்ஸ்."

"ரெண்டும் அடிக்கிறதுதானே!"

ஏசினாலும், இடி முடிந்ததும் ஒரு மணித்தியாலம் முற்றத்தில் குந்தியிருந்து மகளுக்காகக் காத்திருந்தாள். தாய் மனம் அப்படித்தான்.

கராஜில் பிறந்தபடியால் தங்கள் குழுவுக்கு ஸ்பேனர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அருந்ததி சொந்தமாகப் பாட்டுக் கட்டினாள். பஸ் கொண்டக்டரைப் பற்றி ஒன்று, டியூஷன் மாஸ்டரைப் பற்றி ஒன்று, கொழும்பில் தமிழர் பொலிசில் பதிந்து வாங்குகிற துண்டைத் தொலைத்துவிட்ட மாமாவைப் பற்றி ஒன்று. அந்த வருடம் மழை பொய்த்து நாளுக்கு எட்டு மணித்தியாலம் மின்வெட்டு. அதைப் பற்றியும் ஒன்று. நாலு பாட்டும் நன்றாகவே வந்தன. கேட்கத்தான் ஆளில்லை.

முதல் அழைப்பு ஆடி மாதத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு வந்தது. அந்தக் கிழமை ரயிலில் குண்டு வெடித்தது. எத்தனையோ சீவன்கள் போயின. விழா நின்றது, அதைப் பற்றிக் கதைக்கவே வாய் கூசியது. இரண்டாவதாக ஒரு கலியாண வீடு. பெண் பிள்ளைகளின் கோஷ்டி என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்கள். அதற்கிடையில் அருந்ததிக்குக் கனடா விசா வந்தது. ஐப்பசி முடிவதற்குள் அவள் போகவேண்டும்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. கொட்டாஞ்சேனை மண்டபம் ஒன்றில் ஷிப்லி என்ற இளைஞன் ஒழுங்கு செய்த இசை விழா, விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள். அருந்ததி போய்விட்டால் பாட்டில்லை, பாட்டில்லாவிட்டால் குழுவில்லை. அதற்குப் பிறகு தன்னை யார் ட்றம்ஸ் முன்னால் குந்தவிடப் போகிறார்கள்? ஒரு சனத்தின் காதிலும் விழாமலே தன் தாளம் முடிந்துவிடும். இதை நினைத்து நினைத்து இராமலெட்சுமிக்கு நவராத்திரி எட்டு நாளும் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய் வேறெதுவும் கேட்கவில்லை. "தாயே, ஒரு தரம். ஒரே ஒரு தரம் நாலு பேர் கேக்கட்டும்" என்று மட்டும் கேட்டாள்.

சரஸ்வதி பூசை அன்று அன்னபாக்கியம் காலையிலேயே தலை முழுகி, சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றிவந்தார். அவர் வழக்கம் கண்டிப்பானது. அவர் கையால் சந்தனப் பொட்டு விழுந்த சாமான் அம்பாளுக்குரியது. மறுநாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அருந்ததியின் புத்தகங்களுக்கு வைத்தார். கராஜில் ஸ்பேனர், கார் தூக்கும் ஜக், மரம் அறுக்கும் வாள், சுத்தியல் எல்லாவற்றுக்கும் வைத்தார். கிற்றாருக்கும் ட்றம்ஸுக்கும் அதன் தடிகளுக்கும் வைத்தார். டோரின் வேறு ஆசையோடு தன் பேஸ் கிற்றாரை நீட்டி, "ஆன்ட்டி, இதுக்கும் வைங்க. எனக்குக் கணக்குப் பாடம் கொஞ்சம் வீக்" என்றிருந்தாள். எல்லாம் கும்பத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்துக்கிடந்தன.

பத்து மணிக்கு ஒழுங்கையில் மரக்கறி லொறி ஒன்று வந்து நின்றது. ஷிப்லி குதித்து இறங்கினான்.

"ஷிப்லி நானா, என்ன விசேஷம்?" என்றாள் டோரின்.

"விசேஷமா? தலையே போச்சி! நாளைக்கி இருந்து ஹோல் தர ஏலாதாம், வேற எதுக்கோ எடுத்திட்டாங்க. ஷோ இன்னைக்கி. நாலு மணி. இருட்ட முந்தி முடிக்கோணும். சாமான எல்லாம் லொறில ஏத்துங்க."

மூன்று பெண்களும் கும்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்தி வந்திருக்கக்கூடாதா பாவி!" என்று அருந்ததி தலையில் கைவைத்தாள்.

நிலைமையைக் கேட்டு ஷிப்லிக்கும் முகம் விழுந்துபோனது. "கிற்றார் ரெண்டும் எங்கட தாரேன். ஆனா ட்றம்ஸ்... அது எங்கட கோஷ்டில அடிக்கிற மக்கீன்ட. அவன் அவன்ட உம்மாவையும் தொட விடமாட்டான். ஒங்கட ட்றம்மர் மா இடிக்கிற புள்ளன்டு கேள்விப்பட்டுச் சிரிச்சவன் வேற. 'உலக்கையால போட்டு உடைச்சிருவா'ன்டு சொன்னான்."

இராமலெட்சுமிக்குக் காது சிவந்தது.

அருந்ததி அவர்களை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய்க் குசுகுசுத்தாள். "அம்மா மத்தியானம் கோயிலுக்குப் போவா. அப்ப தூக்கிக்கொண்டு ஓடுவம். பொட்டை அழிச்சு, பின்னேரம் வந்து திரும்ப வைப்பம். ஆருக்குத் தெரியும்?"

"நா வரமாட்டேங்க்கா" என்றாள் இராமலெட்சுமி.

"என்னடி சொல்லுறாய்? உனக்கு வாசிக்க ஆசையில்லையே?"

"ஆசை இருக்கு. எட்டு நாளா அதுக்குத்தான் கும்பிட்டேன். கும்பிட்ட சாமிகிட்டயே களவெடுத்திட்டு வந்து குந்தினா எனக்குக் கை வராது."

அருந்ததிக்குக் கோபம் வந்தது, கண்ணீரும் வந்தது. டோரின் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் பாக்கியலெட்சுமி முற்றத்திலிருந்து கூப்பிட்டாள். அன்று உரலுக்கும் உலக்கைக்கும் ஓய்வில்லை. அம்பாளுக்கு மோதகம் அவிக்க மா வேண்டுமே! வீட்டிலே பொட்டுப் படாத சாமான் அடுப்படிச் சாமானும் உரலும்தான்.

இராமலெட்சுமி உலக்கையைப் பிடித்தாள். இரண்டு இடி இடித்தாள். மூன்றாவதற்கு உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். உலக்கை மோதப் பார்த்தது. தாய் பயந்து கையை இழுத்தாள்.

"ஏண்டி, கண்ணு தெரியலியா?"

அவள் கண் எண்ணெய்ப் பரல்களில் இருந்தது. நேரே அடுப்படிக்கு அன்னபாக்கியத்திடம் போனாள்.

"அம்மா, முத்தத்துப் பரலுக்குப் பொட்டு வைக்க மறந்திட்டீங்களா?"

அன்னபாக்கியம் தேங்காய் திருவியபடி நிமிராமலே சொன்னார். "பரல் என்ன ஆயுதமே பிள்ளை? கழிவெண்ணெய் ஊத்திற சாமான். அதுக்கெல்லாம் ஆர் பொட்டு வைக்கிறது?"

"அப்ப தொடலாங்களா?"

"தொட்டால் கைதான் கறுக்கும்."

"வெறும் பரல் மூணு இருக்கு. எடுத்துக்கிட்டுப் போய் அடிக்கலாங்களா?"

திருவுகிற கை நின்றது. அன்னபாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெண்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். லொறி வந்ததிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும். தன் மகள் இன்னும் ஒரு கிழமையில் கண்காணாத தேசத்துக்குப் போகப்போகிறவள்.

"களவாய் எடுப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் மெதுவாக. "நீ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். சவுக்காரம் போட்டு எண்ணெய் போகக் கழுவு. மேடையில ஊத்தை பிரளக்கூடாது."

"அடிக்கத் தடி இல்லீங்களே."

வாசலில் நின்ற வரதராசா, "நான் ஒரு கட்டையை அறுத்துத் தாறன்" என்று புறப்பட்டவர் பாதியில் நின்றார். வாளுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மனிதர் தலையைச் சொறிந்தார். அன்னபாக்கியம் எழுந்து, சுவரில் தொங்கிய இரண்டு சிரட்டை அகப்பையை எடுத்தார். இழுத்துச் சிரட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காம்புகளை அவள் கையில் கொடுத்தார். "கமுகங்காம்பு. லேசிலை முறியாது. போயிட்டு வா."

கொள்ளுப்பிட்டியில் இராணுவக் காவல் சென்றி மறித்தது. லொறியில் எண்ணெய் மணக்கும் இரும்புப் பரல் மூன்று, பக்கத்தில் தமிழ்ப் பெண்கள். சொல்லவும் வேண்டுமா? எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பதிவுத் துண்டு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். ஷிப்லிக்குச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. ஓர் ஆமிக்காரர் பரலைத் துவக்கு நுனியால் காட்டி, "மே மொனவத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

"பெர" என்றாள் டோரின். மேளம் என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. மேளமென்றால் அடித்துக் காட்டு என்று இராமலெட்சுமியைப் பார்த்துக் கையை அசைத்தார். "கஹன்ன."

அவள் தொண்டைக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு லொறியில் ஏறினாள். முதல் பரலைத் தட்டினாள். உள்ளே வெறுமை என்று சத்தமே சொன்னது. இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் மூன்று சத்தம்; அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒன்று கனத்தது, ஒன்று கூவியது, ஒன்று அதட்டியது. பயத்தை மறந்து கை தானாக ஓடியது. கழிவெண்ணெய்ப் பரல் கடற்காற்றில் அப்படி முழங்கும் என்று யார் கண்டார்? பின்னால் மறிபட்டு நின்ற பஸ்ஸில் சனம் எட்டிப் பார்த்தது.

"எத்தி, எத்தி!" போதும் என்றார் ஆமிக்காரர். "யன்ன."

போகச் சொன்னதே பெரிது. அடுத்த மறிப்பிலும் அதே கதை. மண்டபம் போய்ச் சேர ஐந்து மணியாகிவிட்டது.

பரல்களை உருட்டிக்கொண்டு மேடை ஏறியதும் முன் வரிசைப் பொடியன்கள் விடுவார்களா?

"அடேய், மண்ணெண்ணெய்க் கடை வந்திருக்கு! கியூவில நில்லுங்கடா!"

"தங்கச்சி, அரைப் போத்தில் ஊத்துங்க!"

மக்கீன் தன் ட்றம்ஸ் செட்டை மேடையின் ஓரத்துக்கு இழுத்து, காவலுக்கு நிற்பதுபோல் கைகட்டி நின்றான். இராமலெட்சுமி யாரையும் பார்க்கவில்லை. பரல்களைக் கவிழ்த்து வைத்தாள். கராஜ் சுவரோரம் பொட்டுப் படாமல் கிடந்ததென்று கேட்டு எடுத்துவந்த பழைய வீல் கப் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டாள். டோரினுக்குத் தலையசைத்தாள்.

முதலில் மின்வெட்டுப் பாட்டு. "எட்டு மணித்தியாலம் இருட்டுக்குள்ளை, கட்டை மெழுகுதிரி கையிலை" என்று அருந்ததி எடுத்தாள். இரண்டாம் அடி முடியவில்லை. படக்கென்று கரண்ட் போனது.

பாட்டிலே சொன்னது நேரிலே வந்ததும் மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. கிற்றார் இரண்டும் செத்தன. மைக் செத்தது. ஜன்னல் வழியே வந்த பொழுதுபட்ட வெளிச்சம்தான். "முடிஞ்சுது! வீட்ட போங்க!" என்று யாரோ கத்தினான்.

பரல் மட்டும் நிற்கவில்லை.

அவளுக்கு நிறுத்தத் தோன்றவேயில்லை. நிறுத்தினால் இனி ஒரு போதும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சிரிப்புக்கு மேலாக அடித்தாள். மூன்று பரலும் வீல் கப்பும் அந்த மண்டபத்தின் தகரக் கூரை வரை போய் முட்டித் திரும்பின. சிரிப்பு அடங்கியது. அருந்ததி மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமல், தொண்டை கிழியப் பாடினாள். டோரின் கிற்றாரைக் கழற்றிவைத்துவிட்டுக் கை தட்டினாள். முன் வரிசை தட்டியது, பின் வரிசை தட்டியது. "இருட்டுக்குள்ளை" என்று அவள் பாட, "கட்டை மெழுகுதிரி" என்று முந்நூறு பேர் திருப்பிப் பாடினார்கள்.

மூன்றாம் பாட்டில் அகப்பைக் காம்பு ஒன்று படீரென்று முறிந்தது. ஒரு கையில் தடியும் மறு கை வெறுங்கையுமாக அவள் விடாமல் அடித்தாள். இரும்பில் கை கன்றிச் சிவந்தது. அப்போது பக்கத்தில் ஓர் ஆள் வந்து குனிந்தது. மக்கீன். தன்னுடைய தடிகள் இரண்டையும் நீட்டினான்.

"புடிங்க தங்கச்சி, சுறுக்கா! தாளம் விழப்போவுது!"

தாளம் விழவில்லை. நாலு பாட்டையும் முடித்தார்கள். சனம் விடவில்லை. ஐந்தாவது பாட்டு அவர்களிடம் இல்லை. முதலிலிருந்து நாலையும் திரும்பப் பாடினார்கள். இரண்டாம் முறை சனத்துக்கே பாட்டுப் பாடம். கரண்ட் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை.

அருந்ததி கனடா போனாள். விமான நிலையத்தில் மூன்று பேரும் அழுததைச் சொல்லி முடியாது. பத்து நாள் கழித்து வத்தளையிலிருந்து கராஜ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு கலியாணத்துக்கு வந்து வாசிக்கக் கேட்டு எழுதியிருந்தார்கள். உறையின் மேலே, "ட்றம்ஸ் வாசிக்கும் செல்வி இராமலெட்சுமி" என்றிருந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

"பாட்டுக்கு ஆளில்லையே லெச்சு. வரமாட்டோம்னு எழுதவா?" என்றாள் டோரின்.

"ஆள் தேடுவோம்" என்றாள் இராமலெட்சுமி.

அடுத்த சனிக்கிழமை கராஜில் ஏழு பெண் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இராமலெட்சுமி ட்றம்ஸின் பின்னால் குந்திக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "ம், பாடு. நா அடிக்கிறேன், விடாமப் புடிச்சிக்க" என்றாள். பாக்கியலெட்சுமி முற்றத்து வாசலில் நின்று, "அந்த மூணாவது புள்ள நல்லாப் பாடுது" என்று தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னாள்.

ஸ்பேனர்ஸ் அதன் பிறகு பதினொரு வருடம் ஓடியது. வத்தளை, நீர்கொழும்பு, கண்டி என்று எத்தனையோ மேடை. அத்தனை வருடத்தில் பாடுகிறவர்கள் நாலு பேர் மாறினார்கள். இரண்டு பேர் வெளிநாடு போனார்கள், ஒருத்தி கலியாணம் முடித்தாள், ஒருத்தி டொக்டருக்குப் படிக்கப் போனாள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருத்தியைத் தேடிப் பிடித்து, கராஜில் நிற்கவைத்துத் தாளம் கொடுத்தவள் ஒருத்தியேதான்.